சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது

2019 டிசம்பரில் நெதர்லாந்தில் சில பெற்றோர்களின் கைக்கு, வரித்துறை அவர்களைப் பற்றி வைத்திருந்த கோப்புகளின் நகல் வந்து சேர்ந்தது. குழந்தைகள் காப்பகக் கட்டணத்துக்காக அரசு தரும் உதவித்தொகையை ஏமாற்றி வாங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் அவர்கள். தாங்கள் செய்த தப்பு என்ன என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த காகிதங்களிலோ பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசப்பட்டிருந்தது. அதற்குள் பலருக்குப் பல்லாயிரம் யூரோக்களைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் போயிருந்தது. வீட்டை இழந்தவர்கள், வேலையை இழந்தவர்கள், மணவாழ்க்கை முறிந்தவர்கள் எல்லாம் அவர்களில் உண்டு. 2020 டிசம்பரில் இதை விசாரித்த நாடாளுமன்றக் குழு தன் அறிக்கைக்கு 'முன்னெப்போதும் இல்லாத அநீதி' என்று பெயர் வைத்தது. அடுத்த மாதம், 2021 ஜனவரி 15 அன்று, பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோர் சுமார் 26,000 பேர் என்றது அன்றைய கணக்கு. பின்னால் அது இன்னும் கூடியது.

இந்த விவகாரத்தில் இயந்திரத்தின் பங்கு என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விண்ணப்பங்களில் எதைச் சந்தேகிக்கலாம் என்று சொல்ல, 2013 முதல் வரித்துறை ஒரு மென்பொருளை வைத்திருந்தது. பழைய தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொண்டு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அபாய மதிப்பெண் போடும் வகை அது. மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்கும் காரணிகளில் ஒன்று, விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பது. மதிப்பெண் எகிறினால் கோப்பு ஓர் அதிகாரியின் மேசைக்குப் போகும். ஆனால் ஏன் எகிறியது என்ற விவரம் அந்த அதிகாரிக்குத் தரப்படவில்லை. ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பு 2021-ல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் அழுத்திச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். பெற்றோருக்குக் காரணம் தெரியாது. அவர்களை விசாரிக்கும் அதிகாரிக்கும் தெரியாது. சந்தேகப்படு என்ற கட்டளை மட்டும் வந்திருக்கிறது. அந்த மனநிலையில் கோப்பைப் புரட்டினால், விட்டுப்போன ஒரு கையெழுத்துகூட மோசடிக்கு அத்தாட்சியாகத் தெரியும். சிறு தவறுக்கும் அந்த வருடத்தின் உதவித்தொகை முழுவதையும் திரும்ப வசூலிக்கும்படி சட்டத்துக்குப் பொருள் சொல்லப்பட்டது. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2019 அக்டோபரில்தான் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது.

செயற்கை நுண்ணறிவின் அறம் என்று பேச ஆரம்பித்தால், இயந்திரத்துக்குச் சுயபுத்தி வருமா, உணர்வு வருமா, நம்மை மிஞ்சிவிடுமா என்றுதான் பேச்சு போகிறது. சுவாரசியமான கேள்விகள்தான். என்றாலும் என் கணக்கில் முதலில் தீர்க்கவேண்டியது வேறொன்று. ஒரு மனிதனின் சோற்றையோ வேலையையோ சுதந்திரத்தையோ பாதிக்கும் முடிவை எடுப்பவர், அதற்கான காரணத்தை அவனிடம் சொல்லவேண்டும். அந்தக் காரணம் தப்பு என்று அவன் வாதாட இடம் இருக்கவேண்டும். வாதத்தில் அவன் ஜெயித்தால் முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும். நவீன நிர்வாகம் இந்த மூன்றின்மேல்தான் நிற்கிறது. நம் ஊர் கவுன்டர்களில் இப்போது சகஜமாகிவிட்ட ஒரு வாக்கியம், "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது", இந்த மூன்றையும் ஒரே மூச்சில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. முன்பெல்லாம் 'மேலிடத்து உத்தரவு' என்பார்கள். மேலிடத்தில் யாராவது ஒருவர் இருந்தார். மனு போடலாம், வழக்குப் போடலாம், தேர்தலில் தோற்கடிக்கலாம். சிஸ்டத்தை என்ன செய்வது? செயற்கை நுண்ணறிவு மனித குலத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல்களில் ஒன்று, பதில் சொல்லவேண்டியவர்களை அந்தக் கடமையிலிருந்து விடுவித்துவிடுவது. என் வாதம் இவ்வளவுதான்.

நெதர்லாந்து ஏதோ விதிவிலக்கு என்று நினைத்தால், ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' இருக்கிறது. அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தைச் சொல்லவேண்டும். 2016 முதல், வரித்துறையிடம் இருந்த வருடாந்திர வருமானத்தை 26 சம பங்காக வகுத்து, இரு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருப்பாய், குறைத்துக் காட்டியிருக்கிறாய் என்று கணினியே கடன் நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியது. வருடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்து மீதி ஆறு மாதம் உதவித்தொகை வாங்கிய ஒருவர் இந்தக் கணக்கில் தானாகவே ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார். தப்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையில்தான். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாட்டினார்கள். 2023 ஜூலையில் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கை, இது நியாயமானதும் இல்லை, சட்டப்படியானதும் இல்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது இதைவிட மோசம். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க 2013-ல் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். மனிதக் கை படாமல் அது தானே தீர்ப்பளித்த 22,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை அந்த மாநில அரசே பின்னால் ஆராய்ந்தபோது, 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. அபராதமோ வாங்கிய தொகையைப்போல நான்கு மடங்கு. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று தப்பு செய்யும் குமாஸ்தாவை எந்த அலுவலகமும் ஒரு மாதம் வைத்திருக்காது. இந்த மென்பொருள் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடியது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். 26-ஆல் வகுப்பதெல்லாம் செயற்கை நுண்ணறிவா, பள்ளிக்கூடக் கணக்கு அல்லவா, மோசமான மென்பொருளைக் காட்டி நல்ல தொழில்நுட்பத்தைத் திட்டலாமா என்று கேட்கலாம். ரோபோடெட்டைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதே. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு கேட்பவருக்குச் சாதகமாக இல்லை. ஒற்றை வகுத்தல் கணக்கின் தப்பை ஒத்துக்கொள்ளவே ஓர் அரசுக்கு இத்தனை வருடமும் வழக்குகளும் தேவைப்பட்டன என்றால், கோடிக்கணக்கான எண்களுக்குள் புதைந்து கிடக்கும் தப்பை யார் கண்டுபிடிப்பது, யார் ஒத்துக்கொள்வது? இயந்திரக் கற்றலே நேரடியாகப் பயன்பட்ட உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானா அரசின் 'சமக்ர வேதிகா', பல துறைகளின் தரவுகளை இணைத்து, இந்தப் பதிவில் இருப்பவரும் அந்தப் பதிவில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்று ஊகிக்கும் அமைப்பு. பெயர் ஒற்றுமையால் ஒரு ரிக்‌ஷாக்காரர் கார் வைத்திருப்பவராகி, அவருடைய குடும்பம் உணவு மானியத்தை இழந்தது. அந்த மாநிலத்தில் ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கச் சொல்லி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆட்களை அனுப்பிப் பார்த்தபோது, தகுதியுள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டிருந்தது தெரிந்தது. கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை அந்த வீட்டு வாசலுக்குப் போயிருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய விஷயம் இது.

அடுத்த ஆட்சேபணை வலுவானது. மனிதர்கள் மட்டும் என்ன ஒழுங்கா? சாதி பார்க்கிறார்கள், லஞ்சம் கேட்கிறார்கள், ஆள் பார்த்து நடத்துகிறார்கள். இயந்திரமாவது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தும் அல்லவா? தாலுகா அலுவலகத்தில் கால்கடுக்க நின்ற யாரும் இந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட மாட்டார்கள். நானும் தள்ளவில்லை. ஆன்லைனில் விண்ணப்பிக்க வழி வந்தபிறகு இடைத்தரகர் தொல்லை குறைந்த சேவைகள் நிறைய உண்டு. மனித ஓரவஞ்சனையை அம்பலப்படுத்தவும் இயந்திரம் உதவியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கணித்த ஒரு மென்பொருளை ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நோயின் கடுமைக்குப் பதிலாக, மருத்துவத்துக்கு எவ்வளவு செலவானது என்பதை அந்த மென்பொருள் அளவுகோலாக வைத்திருந்தது. கறுப்பின நோயாளிகளுக்கு வழக்கமாகவே குறைவாகச் செலவழிக்கப்பட்டதால், அவர்கள் நோய் குறைந்தவர்கள் என்று அது முடிவு கட்டியது. அதைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் அவர்களுடைய பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும். ஆயிரம் மருத்துவர்களின் மனதைத் திறந்து இப்படி அளக்க முடியாது. மென்பொருளை அளக்க முடிந்தது. ஆனால் ஏன் முடிந்தது? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆராய்ச்சியாளர்களுக்கு அனுமதி கிடைத்ததால். கதவைச் சாத்திவிட்டால் இந்த அனுகூலம் அத்தோடு போயிற்று. பரவும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. ஓர் ஊரின் அதிகாரி மோசமானவர் என்றால் அடுத்த ஊரில் நல்லவர் இருக்கலாம். மென்பொருளின் ஓரவஞ்சனை எல்லா ஊரிலும், எல்லா மேசையிலும், ஒரே நாளில், ஒரே அளவில் இறங்குகிறது. தப்பிக்க அடுத்த ஊரே கிடையாது. எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது நல்லதுதான், நடத்தை நல்லதாக இருந்தால்.

எது நியாயம் என்பதிலும் தீர்க்கமுடியாத சிக்கல் இருக்கிறது. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் 'காம்பஸ்' என்ற மென்பொருளைப் பற்றி 2016-ல் 'புரோபப்ளிகா' செய்தி நிறுவனம் புலனாய்வு செய்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து ப்ரோவர்ட் கவுன்டி தரவுகளில், பிறகு எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு அபாய முத்திரை குத்தப்பட்டிருந்தது. வெள்ளையர்களில் அது 23 சதவீதம். தயாரித்த நிறுவனம் மறுத்தது. எங்கள் மதிப்பெண் ஒன்றாக இருந்தால் இரண்டு பிரிவினரும் மறுபடி கைதாகும் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது, ஆகவே நியாயம்தான் என்றது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் சொன்ன எண்கள் சரியானவை. இரண்டு பிரிவினரின் அடிப்படைக் கைது விகிதம் வேறுபட்டால், இந்த இரண்டு வகை நியாயங்களையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது என்று பின்னால் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று யாரோ முடிவெடுத்தாக வேண்டும். அது அரசியல் முடிவு, அற முடிவு. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வெளிப்படையாகச் சண்டை போட்டுத் தீர்க்கவேண்டிய ஒன்றை, ஒரு தனியார் நிறுவனத்தின் புரோகிராமர் வியாபார ரகசியம் என்ற பூட்டுக்குள் வைத்துத் தீர்த்துவிட்டார். இயந்திரம் நடுநிலையானது என்று நாம் நம்பும்வரை, இப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதே நம் கண்ணில் படாது.

சரி, விளக்கம் கேட்டால் துல்லியம் போய்விடும், ஆழ்ந்த நரம்பியல் வலைப்பின்னல்கள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்று அவற்றைக் கட்டியவர்களுக்கே முழுசாகத் தெரியாது, அதற்காகப் பயனை வேண்டாம் என்பதா? தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் வைக்கும் வாதம் இது. இதற்குப் பதில் இரண்டு. முதலாவது, துல்லியம் போய்விடும் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. காம்பஸ் ஒருவரைப் பற்றி 137 விவரங்கள்வரை எடுத்துக்கொள்ளும். வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டே விவரங்களை வைத்த எளிய சூத்திரமும் அதே அளவுக்குத்தான், அதாவது நூற்றுக்கு அறுபத்தைந்து முறை, சரியாகக் கணிக்கிறது என்று 2018-ல் டிரெஸ்ஸல், ஃபரீத் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டாவது, விளக்கம் எங்கே தேவை என்பது முடிவின் தன்மையைப் பொறுத்தது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று இயந்திரம் சொன்னால் மூன்று நாளில் உண்மை தெரிந்துவிடும். புரதத்தின் வடிவத்தைக் கணித்தால் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கலாம். 2024-ன் வேதியியல் நோபல் பரிசில் புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியவர்களுக்குப் பங்கு கிடைத்தது இப்படிச் சோதனையில் தேறியதால்தான். இந்த மாதிரி இடங்களில் உள்ளே இருட்டாக இருந்தாலும் பாதகமில்லை. ஒருவருக்கு உதவித்தொகையை நிறுத்தினால், பிணை மறுத்தால், அவரை விட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை யாராலும் சோதிக்க முடியாது. தப்பு தானாக வெளியே வராத இடத்தில், அதை வெளியே கொண்டுவர ஒரே வழி பாதிக்கப்பட்டவரின் வாதம்தான். காரணம் தெரியாமல் அவர் எதை வாதாடுவார்?

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, கடைசி முடிவை ஒரு மனிதர் எடுக்கட்டும் என்பது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, முழுக்க முழுக்க இயந்திரம் மட்டும் எடுக்கும் முடிவுகளுக்குத்தான் தடுப்பு போடுகிறது. நெதர்லாந்திலும் நடுவில் ஓர் அதிகாரி இருந்தாரே, என்ன ஆயிற்று? இயந்திரம் சொன்னதை மறுத்து எழுதினால் நாளை ஏதாவது ஆனால் பழி அவர்மேல். ஆமோதித்தால் பழி யார்மேலும் இல்லை. இந்த ஏற்பாட்டில் புத்தியுள்ள எந்த ஊழியரும் ரப்பர் ஸ்டாம்பாகத்தான் மாறுவார். சாட்ஜிபிடி போன்ற மொழி மாடல்கள் வந்தபிறகு சிக்கல் இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. பழைய மென்பொருள் காரணம் சொல்லாது. புதியது எந்த முடிவுக்கும் கோவையாக, பணிவாக, நம்பும்படியாகக் காரணம் எழுதித்தரும். அந்தக் காரணத்தால்தான் முடிவு வந்தது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. அடுத்த வருடம் கனடாவில், தன் இணையதளத்தின் சாட்பாட் பயணி ஒருவருக்குத் தவறான தகவல் கொடுத்ததற்குத் தான் பொறுப்பில்லை, சாட்பாட்டே தனிப் பொறுப்புள்ள ஒன்று என்கிற ரீதியில் ஏர் கனடா வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை; இணையதளத்தில் வரும் எல்லாவற்றுக்கும் நிறுவனம்தான் பொறுப்பு என்றது. இரண்டிலும் நீதிமன்றங்கள் செய்தது ஒன்றே. இயந்திரத்தை விட்டுவிட்டு, அதன் பின்னால் ஒதுங்கப் பார்த்த மனிதரைப் பிடித்து நிறுத்தின.

மனித குலமே அழியும் அபாயம் இருக்கும்போது ரேஷன் அட்டையையும் உதவித்தொகையையும் பேசிக்கொண்டிருக்கிறாயே என்றும் கேட்கலாம். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன் போன்றவர்கள் அந்த அபாயத்தைச் சொல்லும்போது அலட்சியப்படுத்த எனக்குத் தகுதியில்லை. 2023 மே மாதம் அவர் கூகுளை விட்டு வெளியே வந்ததே இதைத் தடையில்லாமல் பேசுவதற்குத்தான். என்றாலும் இரண்டும் வேறுவேறு கவலைகள் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் கேட்காமல் கீழ்ப்படிவதற்கு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் மருத்துவமனைகளும் சின்னச் சின்ன விஷயங்களில் பழகிக்கொண்டே வந்தால், பெரிய விஷயத்தில் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்கிருந்து வரும்? அளவுக்கு மீறிய புத்தியுள்ள இயந்திரம் என்றாவது வரலாம், வராமலும் போகலாம். அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும் என்ற ஒழுங்கை இன்றைக்கு இருக்கும் சுமாரான இயந்திரங்களை வைத்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

காரணம் சொல்லவும் வாதம் கேட்கவும் ஆளும் நேரமும் ஒதுக்க ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பது கடைசிக் கேள்வி. செய்யாமல் விட்டதற்கு ஆஸ்திரேலியா கொடுத்த விலை, தள்ளுபடியும் திருப்பிக் கொடுத்ததும் நஷ்ட ஈடும் சேர்த்து 180 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். நெதர்லாந்தில் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெற்றோருக்கும் குறைந்தது 30,000 யூரோ தருவதாக அரசு ஒத்துக்கொண்டது. சிக்கனம் என்று ஆரம்பித்தது இப்படி முடிந்திருக்கிறது. நம்மிடம் அடித்தளமும் இல்லாமல் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் நான்காவது பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிப்பதைப் பொது அதிகார அமைப்புகளின் கடமையாகவே வைத்திருக்கிறது. 1990-ல் எஸ்.என். முகர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தீர்ப்பளிக்கும் தன்மையுள்ள வேலையைச் செய்யும் நிர்வாக அதிகாரிகள் காரணத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் கொள்கை சட்டமாகாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ, இயந்திரம் எடுத்த முடிவை எதிர்த்து மனிதரிடம் முறையிடும் உரிமை இடம்பெறவில்லை.

ஆகவே புதுத் தத்துவம் எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே தாசில்தாருக்கு விதித்த கட்டுப்பாட்டை மென்பொருளை வாங்கும் துறைக்கும் விதித்தால் போதும். எந்தத் துறை எந்த முடிவுக்கு எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்ற பட்டியல் பொதுவில் இருக்கட்டும். பறிக்கும் முடிவு எதுவும், நோட்டீஸ் கொடுத்துப் பதில் கேட்பதற்கு முன் அமலுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு முடிவின் கீழும் ஓர் அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்கட்டும். இயந்திரம் சொன்னதை மாற்றி எழுத அவருக்கு அதிகாரமும் நேரமும் கொடுங்கள், மாற்றி எழுதியதற்காகத் தண்டிக்காதீர்கள். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டும் அரசிடமே இருக்கட்டும். தன் முடிவுக்குக் காரணம் சொல்ல முடியாத எந்த மென்பொருளும் மனிதரிடமிருந்து எதையும் பறிக்கும் வேலைக்குத் தகுதியில்லை என்று டெண்டரிலேயே எழுதிவிடலாம். விற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு காரணம் சொல்லும் மென்பொருளைச் செய்துகொண்டு வருவார்கள். வாங்குபவர் கேட்காததை எந்த வியாபாரியும் தானாக முன்வந்து கொடுத்ததில்லை.